செல்லுக்குள் இரும்பு நுழையும் வழி: டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி பற்றிய முழுமையான வழிகாட்டி

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்வது இது: 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஆனால் அத்தனை பேருடைய ரத்தசோகைக்கும் இரும்புக் குறைவே காரணம் அல்ல. சிலருக்கு நாள்பட்ட அழற்சி, சிலருக்குத் தலசீமியா, சிலருக்கு வைட்டமின் பி12 குறைவு, பலருக்கு இவற்றில் இரண்டு ஒன்றாக. எல்லோருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து "ஏன் ஏறவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை.

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெர்ரிட்டினைப் பார்த்தால் உடலின் சேமிப்பு தெரியும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் பார்த்தால் போக்குவரத்து தெரியும். செல்களுக்கு இரும்பு போதுகிறதா என்பதை மட்டும் இவை இரண்டும் நேராகச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியது, செல்லின் மேற்பரப்பில் நின்று டிரான்ஸ்ஃபெரினைப் பற்றும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. மருத்துவம், செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம் படிப்பவர்களையும், தங்கள் சோதனை அறிக்கையைத் தாங்களே வாசித்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உயிரியலைத் தாண்டிவிட்டு நேராக அறிக்கைக்குப் போக விரும்புகிறவர்கள் ஆறாவது படிக்குத் தாவலாம். ஆனால் நான்காவது படியைப் படிக்காமல் ஆறாவது படி முழுதாக விளங்காது.

படி 1: முதலில் வரவு செலவைப் பாருங்கள்

வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உருவாக்க நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பைக் கேட்கிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கி செல்கள் விழுங்கிச் சிதைத்து, இரும்பை ரத்தத்துக்குத் திருப்பித் தருகின்றன. நம் இரும்புப் பொருளாதாரம் பெரும்பாலும் பழையதை மீட்டு ஓடுவது.

இங்கே கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. எந்த நொடியில் பார்த்தாலும் ரத்தப் பிளாஸ்மாவில் டிரான்ஸ்ஃபெரினோடு ஒட்டியிருக்கும் இரும்பு சுமார் 3 மில்லிகிராம் மட்டுமே. நாள் தேவை 20க்கு மேல் என்றால், இந்தச் சிறு இருப்பு சில மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். 'சீரம் அயர்ன்' என்ற சோதனையை மட்டும் தனியாக எடுத்து முடிவு சொல்வது ஏன் தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண், மாத்திரை விழுங்கிய இரண்டு மணி நேரத்தில் இன்னோர் எண். அந்தச் சோதனையைத் தனித்து எழுதும் பழக்கம் இன்னும் ஒழியாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

படி 2: சுமப்பவரை அறியுங்கள்

இரும்பு தனியாக ரத்தத்தில் அலைந்தால் ஆபத்து. ஆக்சிஜனோடு வினைபுரிந்து திசுக்களை அரிக்கும் மூலக்கூறுகளை அது உண்டாக்கும். கிருமிகளுக்கும் அது தீனி. அதனால் கல்லீரல் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தை உருவாக்கி ரத்தத்தில் விடுகிறது. 1940களில் இது கண்டறியப்பட்டது. 1947இல் ஹோம்பெர்க், லாரெல் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டு மடல்கள் கொண்ட புரதம் இது. மடலுக்கு ஒன்றாக இரண்டு இரும்பு அயனிகளை ஏந்தும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் இந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். அறிக்கையில் 'டிரான்ஸ்ஃபெரின் செறிவு சதவீதம்' என்று வருவது இதுதான்.

படி 3: ஏற்பியின் சுற்றைப் பின்தொடருங்கள்

டிரான்ஸ்ஃபெரின் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, இரும்பை இறக்கிவிட்டு, மறுபடியும் பிளாஸ்மாவுக்கே திரும்புகிறது என்பதை ஜாண்டலும் காட்ஸும் 1963இல் விவரித்தார்கள். ஒட்டுவதற்கு ஓர் ஏற்பி இருக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. ஏற்பியின் வெளிப்பகுதியின் முப்பரிமாண அமைப்பு 1999இல் வெளியானது.

இது இரட்டைப் புரதம். 760 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு ஒரே மாதிரியான சங்கிலிகள், கந்தகப் பிணைப்புகளால் கட்டுண்டு, செல் சவ்வைத் துளைத்து நிற்கின்றன. பெரும்பகுதி வெளியே, ஒரு சிறு வால் உள்ளே. மரபணு 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆய்வகத்தார் இதை சி.டி.71 என்று அழைப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், பாடப்புத்தகத்தில் ஒரு பெயரும், செல்களை வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையின் அறிக்கையில் மற்றொரு பெயரும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சுற்று இப்படி நடக்கிறது. இரும்பு ஏந்திய டிரான்ஸ்ஃபெரின் வந்து ஏற்பியைப் பற்றுகிறது. உள்ளே நீண்டிருக்கும் வாலில் நான்கு அமினோ அமிலங்களாலான ஓர் அடையாளக் குறி உண்டு. அதைச் செல்லின் கிளாத்ரின் என்ற புரத அமைப்பு கண்டுகொண்டு, சவ்வை உள்நோக்கிக் குழித்து, ஏற்பியையும் சரக்கையும் சேர்த்து ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. எண்டோசோம் எனப்படும் அந்தப் பைக்குள் புரோட்டான்கள் செலுத்தப்பட, பி.எச். அளவு 7.4இலிருந்து ஏறக்குறைய 5.5க்கு இறங்குகிறது. இந்த அமிலச் சூழலில் டிரான்ஸ்ஃபெரின் இரும்பை விட்டுவிடுகிறது. ஸ்டீப்3 என்ற நொதி அந்த இரும்பை மும்மின்னேற்ற நிலையிலிருந்து இருமின்னேற்ற நிலைக்குக் குறைக்க, டி.எம்.டி.1 என்ற கடத்தி அதைச் செல்லின் உட்பகுதிக்கு அனுப்புகிறது.

இதில் நேர்த்தி என்று நான் நினைப்பது அடுத்துவரும் பகுதி. இரும்பை இழந்த வெறும் டிரான்ஸ்ஃபெரின் அமிலச் சூழலில் ஏற்பியை விட்டு விலகுவதில்லை. இறுகப் பற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் அது உள்ளேயே சிக்கிச் சிதைந்துபோகாமல் ஏற்பியோடு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. வெளியே பி.எச். 7.4. அங்கே வெறும் டிரான்ஸ்ஃபெரினுக்கு ஏற்பியோடு ஒட்டும் தன்மை கிடையாது. உதிர்ந்து ரத்தத்தில் கலந்து அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. பி.எச். என்ற ஒற்றை மாற்றம் இரும்பை இறக்குவது, புரதத்தைக் காப்பது, விடுவிப்பது என மூன்று வேலைகளையும் முடித்துவிடுகிறது. முழுச் சுற்றுக்கும் ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் உள்ள இரும்பு இந்த ஏற்பி வழியாகக் குடலுக்குள் நுழைவதில்லை. குடல் செல்லின் உணவு பக்கத்தில் டி.எம்.டி.1 நேரடியாக இரும்பை வாங்குகிறது. ரத்த பக்கத்தில் ஃபெர்ரோபோர்ட்டின் என்ற புரதம் அதை வெளியே விடுகிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் வேலை தொடங்குவது இரும்பு ரத்தத்துக்கு வந்த பிறகு.

படி 4: ஏற்பியின் எண்ணிக்கையைச் செல் எப்படித் தீர்மானிக்கிறது?

மொத்த விஷயத்தின் மையம் இதுதான். ஒரு செல் தன் மேற்பரப்பில் எத்தனை ஏற்பிகளை நிறுத்தி வைக்கிறது என்பதே அதன் இரும்புத் தேவையின் அளவு.

புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமப்பது எம்.ஆர்.என்.ஏ. ஏற்பிக்கான எம்.ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் கொண்டை ஊசி போல வளைந்த ஐந்து மடிப்புகள் இருக்கின்றன. செல்லில் இரும்பு குறைந்தால், ஐ.ஆர்.பி.1, ஐ.ஆர்.பி.2 என்ற இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்கள் அந்த மடிப்புகளில் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்திருக்கும்வரை அந்த எம்.ஆர்.என்.ஏ. சிதைவதில்லை, ஏற்பி மேலும் மேலும் உருவாகிறது. அதே நேரத்தில் அதே புரதங்கள் ஃபெர்ரிட்டினுக்கான எம்.ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதியில் அமர்ந்து, ஃபெர்ரிட்டின் தயாரிப்பை நிறுத்திவிடுகின்றன. வாங்குவது கூடும், சேமிப்பது குறையும். இரும்பு நிறைந்துவிட்டால் ஐ.ஆர்.பி.1 தன் மையத்தில் இரும்பு–கந்தகக் கொத்தை ஏற்று வேறொரு நொதியாக மாறிவிடுகிறது, ஐ.ஆர்.பி.2 அழிக்கப்படுகிறது. மடிப்புகள் காவலிழந்து ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏ. சிதைகிறது, ஃபெர்ரிட்டின் தயாரிப்பு மறுபடி தொடங்குகிறது. ஏற்பியும் ஃபெர்ரிட்டினும் எதிரெதிர்த் திசையில் நகரும் என்பதை நினைவில் வையுங்கள். ஆறாவது படியில் வரும் விகிதத்தின் அடிப்படை இதுதான்.

எந்த செல்லுக்கு ஏற்பி அதிகம்? சந்தேகமில்லாமல் சிவப்பணுவின் முன்னோடி செல்களுக்குத்தான். ஹீமோகுளோபின் தயாரிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒரு செல்லில் சுமார் 8 லட்சம் ஏற்பிகள் வரை கணக்கிடப்பட்டுள்ளன. ஒரே ஒரு சிவப்பணுவை நிரப்ப 100 கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள் தேவைப்படுவதால் இதில் வியப்பில்லை. அந்த முன்னோடி செல் முதிர்ந்து ரெட்டிகுலோசைட்டாகி, பிறகு முழுச் சிவப்பணுவாகும்போது ஏற்பி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. அவை எங்கே போகின்றன என்று 1983இல் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மற்றொரு குழுவும் தேடினார்கள். செல் அவற்றை நுண்ணிய பைகளில் கட்டி வெளியே எறிகிறது. அந்தப் பைகளுக்கு ஜான்ஸ்டோன் பிறகு வைத்த பெயர் எக்ஸோசோம். இன்று புற்றுநோய் ஆய்வு முதல் அழகுசாதன விளம்பரம் வரை அடிபடும் அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவை செம்மறியாட்டு ரெட்டிகுலோசைட்டுகள் வீசியெறிந்த டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள்.

இந்த ஏற்பியே இல்லாமல் உயிர் உருவாகுமா? ஆகாது. மரபணு முழுதாக நீக்கப்பட்ட எலிக் கருக்கள் பிறக்கும் முன்பே, கடுமையான ரத்தசோகையோடும் நரம்பு வளர்ச்சிக் குறையோடும் இறந்துபோயின. மனிதரில் 2016இல் விவரிக்கப்பட்ட ஓர் அரிய நோய் இன்னும் சுவையான பாடம். ஏற்பியின் வாலில் உள்ள அந்த அடையாளக் குறியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஏற்பி மேற்பரப்பிலேயே நின்றுவிட்டது. உள்ளே போக முடியவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு முதன்மையாக வந்தது ரத்தசோகை அல்ல, கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு. கிருமியைக் கண்டதும் வேகமாகப் பெருக வேண்டிய லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் இரும்பின்றி முடங்கின. சிவப்பணு முன்னோடிகளோ ஓரளவு சமாளித்துக்கொண்டன.

படி 5: இரண்டாவது ஏற்பியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

1999இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் ஏற்பி கண்டறியப்பட்டது. பெயர் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி 2. பெயரைப் பார்த்து இரும்பு ஏற்றும் இரண்டாவது வாயில் என்று எண்ணினால் வழி தவறிவிடுவோம். டிரான்ஸ்ஃபெரினோடு இதன் பிணைப்பு முதல் ஏற்பியைவிடப் பல மடங்கு தளர்வு. அந்த ஐந்து மடிப்புகளும் இதற்கு இல்லை. முக்கியமாகக் கல்லீரல் செல்களிலும் சிவப்பணு முன்னோடிகளிலும் இருக்கிறது. இதன் வேலை ரத்தத்தில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று உணர்வது.

டிரான்ஸ்ஃபெரின் நிறைய இரும்போடு வந்தால், எச்.எஃப்.இ. என்ற இன்னொரு புரதம் முதல் ஏற்பியிலிருந்து விடுபடுகிறது. இரண்டாம் ஏற்பி நிலைபெறுகிறது. இவற்றின் சமிக்ஞையால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஹெப்சிடின் ஃபெர்ரோபோர்ட்டினை அழித்து, குடலிலிருந்தும் பெருவிழுங்கிகளிலிருந்தும் இரும்பு வெளியேறுவதை அடைக்கிறது.

இந்த உணர்கருவி பழுதானால் என்ன ஆகும் என்பதை 2000இல் சிசிலியைச் சேர்ந்த குடும்பங்களில் கண்டார்கள். இரண்டாம் ஏற்பியின் மரபணு பழுதானவர்களுக்கு ஹெப்சிடின் குறைந்து, இரும்பு தடையின்றி உள்ளே வந்து கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகளில் படிகிறது. மூன்றாம் வகை ஹீமோகுரோமடோசிஸ் என்பது இதன் பெயர். வட ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள, எச்.எஃப்.இ. மரபணு பழுதால் வரும் வகை இந்தியரிடம் அரிது. எனவே டிரான்ஸ்ஃபெரின் செறிவு தொடர்ந்து உயர்ந்தே இருக்கும் ஓர் இளைஞருக்கு எச்.எஃப்.இ. சோதனை இயல்பாக வந்தால், அத்தோடு விட்டுவிடாமல் பிற மரபணுக்களையும் கேட்க வேண்டும்.

படி 6: அறிக்கையை வாசிப்பது

செல் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பியின் வெளிப்பகுதியை ஒரு நொதி வெட்டிவிட, அது ரத்தத்தில் கலக்கிறது. இதுவே 'கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி'. அறிக்கையில் எஸ்.டி.எஃப்.ஆர். என்று இருக்கும். 1980களில் ரத்தத்தில் அளக்கத் தொடங்கினார்கள். உடலில் ஏற்பிகள் மிகுதியாக இருக்குமிடம் எலும்பு மஜ்ஜை என்பதால், இந்த எண் இரண்டு விஷயங்களைக் கலந்தே சொல்லும்: மஜ்ஜையில் எத்தனை சிவப்பணு முன்னோடிகள் உள்ளன, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு இரும்புப் பசியோடு உள்ளன.

எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் மிகுந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9, ஃபெர்ரிட்டின் 6 என்றால் விஷயம் முடிந்தது. அது இரும்புக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின்படி, அழற்சி இல்லாத பெரியவர்களுக்கு ஃபெர்ரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனாலே இரும்புக் குறைவு என்று கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு விலையுயர்ந்த சோதனைக்குப் பணம் கட்டுவது வீண்.

சிக்கல் வருவது அழற்சி இருக்கும்போது. முடக்குவாதம், காசநோய், சிறுநீரக நோய், குடல் அழற்சி போன்றவற்றில் ஃபெர்ரிட்டின் தானாகவே ஏறும். சேமிப்பு காலியாக இருந்தாலும் எண் 80, 100 என்று காட்டி ஏமாற்றும். அதனால்தான் அழற்சி உள்ள பெரியவர்களுக்கு அதே வழிகாட்டுதல் எல்லையை 70க்கு உயர்த்தியது. எஸ்.டி.எஃப்.ஆர். அழற்சியால் அப்படி ஏறுவதில்லை. அதன் மதிப்பு இங்கேதான் வெளிப்படுகிறது.

இரண்டையும் இணைத்து ஒரு குறியீடு கணக்கிடுவார்கள். லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள எஸ்.டி.எஃப்.ஆர். அளவை, ஃபெர்ரிட்டின் எண்ணின் பத்தடிமான மடக்கையால் (log) வகுக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு எஸ்.டி.எஃப்.ஆர். 5, ஃபெர்ரிட்டின் 80. எண்பதின் மடக்கை 1.9. ஐந்தை அதால் வகுத்தால் 2.6. இன்னொருவருக்கு எஸ்.டி.எஃப்.ஆர். 1.5, ஃபெர்ரிட்டின் 200, மடக்கை 2.3, விடை 0.65. பரவலாகச் சொல்லப்படும் எல்லைகளின்படி 2க்கு மேல் இருந்தால் அழற்சியோடு உண்மையான இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கிறது. 1க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட நோயால் வந்த ரத்தசோகை மட்டும். முதலாமவருக்கு இரும்பு பயன்படும். இரண்டாமவருக்கு மாத்திரை கொடுத்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். மூல நோயைக் கவனிக்க வேண்டும். இடையில் வருகிறவர்களுக்கு மருத்துவரின் அனுபவமே வழிகாட்டி.

ஒரு முக்கிய எச்சரிக்கை. எஸ்.டி.எஃப்.ஆர். சோதனைக்கு உலகமெங்கும் ஒரே அளவுகோல் நடைமுறைக்கு வரவில்லை. ஒரு நிறுவனத்தின் கிட் தரும் இயல்பு எல்லையும் மற்றொன்றின் எல்லையும் வெகுவாக வேறுபடும். மேலே சொன்ன 1, 2 என்ற எல்லைகளும் அப்படியே. ஆகவே அந்த ஆய்வகம் அச்சிட்டுள்ள எல்லையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது அதே ஆய்வகத்துக்கே போங்கள்.

எண் உயர்ந்திருந்தால் இரும்புக் குறைவு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மஜ்ஜை வேகமாக உழைக்கும் எல்லா நிலைகளிலும் இது ஏறும்: தலசீமியா, அரிவாள் செல் நோய், சிவப்பணுக்கள் சிதையும் பிற நோய்கள், பி12 குறைவால் வரும் ரத்தசோகை, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டச் சிறுநீரக நோயாளிகள் போட்டுக்கொள்ளும் எரித்ரோபொயட்டின் ஊசி. இரும்பு மாத்திரை தொடங்கிய ஆரம்ப நாட்களில் மஜ்ஜை விழித்துக்கொள்வதாலும் ஏறலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்க வேண்டாம். சிவப்பணுக்கள் சிறுத்திருந்து ஃபெர்ரிட்டின் இயல்பாக இருந்தால், முதலில் கேட்க வேண்டியது தலசீமியாவைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு. மறுபுறம் மஜ்ஜையே செயலிழக்கும் நோய்களில் எண் இறங்கும். அப்போது இரும்புக் குறைவு இருந்தாலும் அது மறைந்துகொள்ளும்.

படி 7: இதே வழியாக நுழையும் பகைவர்கள்

எல்லா வளரும் செல்களிலும் இருப்பதும், ஓயாமல் உள்ளே போய் வருவதுமான ஒரு புரதத்தைக் கிருமிகள் விட்டுவைக்குமா? பொலிவியா, அர்ஜென்டினா, வெனிசுலா நாடுகளில் ரத்தக்கசிவுக் காய்ச்சலை உண்டாக்கும் மாச்சுபோ, ஹூனின், குவானரிட்டோ வைரஸ்கள் மனிதரின் முதல் ஏற்பியைப் பற்றியே நுழைகின்றன என்று 2007இல் தெரியவந்தது. அவை டிரான்ஸ்ஃபெரின் ஒட்டும் இடத்தைத் தொடாமல், ஏற்பியின் உச்சிப் பகுதியைப் பிடிக்கின்றன. 1970களின் பிற்பகுதியில் தோன்றி உலகெங்கும் நாய்க்குட்டிகளைக் கொன்ற பார்வோ வைரஸும் இப்படித்தான். பூனை இனத்தைத் தாக்கிய ஒரு வைரஸ், தன் மேலுறையில் சில மாற்றங்களால் நாயின் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றக் கற்றுக்கொண்டது. குட்டி வளர்ப்பவர்கள் தடுப்பூசி போட ஓடுவது அதனால்தான்.

நமக்கு நெருக்கமானது மலேரியா. சென்னையில் நெடுங்காலமாக முதன்மையாகக் காணப்பட்ட மலேரியா வகை விவாக்ஸ். இந்த ஒட்டுண்ணி முதிர்ந்த சிவப்பணுக்களை விட்டுவிட்டு ரெட்டிகுலோசைட்டுகளை மட்டும் தேடிப் போவது ஏன் என்ற கேள்வி வெகுகாலம் நின்றது. 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு விடை சொன்னது: ஒட்டுண்ணியின் ஒரு புரதம் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றுகிறது. முதிர்ந்த சிவப்பணு அதை எக்ஸோசோம்களில் வீசியெறிந்துவிட்டதால் அங்கே பற்ற ஒன்றுமில்லை. இந்தப் பிணைப்பைத் தடுக்கும் தடுப்பூசி சாத்தியமா என்ற ஆராய்ச்சிக்கு அது வழி திறந்தது.

படி 8: மருந்தை உள்ளே அனுப்ப

புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுவதால் ஏற்பியும் அவற்றில் அதிகம். நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவைத் தேட முன்பு பரவலாகப் பயன்பட்ட, கதிரியக்க உலோகமான கேலியம்-67 கொண்டு எடுக்கும் ஸ்கேன் இதை அறியாமலேயே பயன்படுத்தியது. கேலியம் இரும்பைப் போல நடித்து டிரான்ஸ்ஃபெரினில் ஏறிக்கொள்ளும்.

ஆனால் உண்மையான பலன் கிடைத்திருப்பது மூளையில். மூளையின் நுண்குழாய்ச் சுவர் பெரிய மருந்து மூலக்கூறுகளை உள்ளே விடாது. இரும்பை மட்டும் இந்த ஏற்பி வழியாக அனுமதிக்கிறது. ஏற்பியைப் பற்றும் ஓர் ஆன்டிபாடியோடு (குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் பற்றும் நோயெதிர்ப்புப் புரதம்) மருந்தைக் கட்டி அனுப்பினால்? முதலில் மிக இறுகப் பற்றும் ஆன்டிபாடிகளைச் செய்தார்கள். அவை சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் சிதைக்கப்பட்டுவிட்டன. 2011இல் வெளியான ஆய்வு, பற்றைத் தளர்த்தினால் அதிக அளவு மூளைக்குள் சேர்கிறது என்று எலிகளில் காட்டியது. ஏற்பியை விட்டுவிடத் தெரிந்த மருந்தே மறுபக்கம் போய்ச் சேரும்.

ஹன்டர் நோய் என்பது ஒரு நொதி பிறவியிலேயே குறைவதால் சர்க்கரைச் சங்கிலிகள் உடலெங்கும் தேங்கும் நோய். நொதியை ஊசியாகப் போட்டால் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் பலன் உண்டு, மூளைக்கு இல்லை. அந்த நொதியை டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி ஆன்டிபாடியோடு இணைத்த பாபினாஃபஸ்ப் ஆல்ஃபா என்ற மருந்துக்கு ஜப்பான் 2021 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அல்சைமர் நோய்க்கான ஆன்டிபாடிகளையும் இதே வழியில் அனுப்பும் சோதனைகள் நடக்கின்றன.

இதில் இருக்கும் ஆபத்தை நான்காவது படியைப் படித்தவர்கள் ஊகித்திருப்பார்கள். உடலில் ஏற்பிகள் மிகுதியாக இருப்பது மூளையில் அல்ல, மஜ்ஜையில். விலங்குச் சோதனைகளில் சில ஆன்டிபாடிகள் ரெட்டிகுலோசைட்டுகளை வேகமாக அழித்தன. அதனால் ஆன்டிபாடியின் வால்பகுதியை மாற்றி, நோயெதிர்ப்பு செல்களை அது அழைக்காதபடி செய்கிறார்கள். இவ்வகை மருந்துகளின் மனிதச் சோதனைகளில் பங்கேற்பவர்களுக்கு, நோய் மூளையில் இருந்தாலும், ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும் தவறாமல் பார்க்கப்படுவதற்குக் காரணம் அதுவே.